340 பல்லி கொன்றும் தகடு விழவில்லை: தப்பு என் கோடிலா, ஆடுபவர் கணக்கிலா?

மஞ்சள்பிக்சல்

இரண்டு வருடமாக ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்) செய்துகொண்டிருக்கிறேன். மேலிருந்து பார்க்கிற 2டி மேப், முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை, எல்லாம் பழைய பாணிதான். போன மாதம் பதினொரு பேரிடம் ஆடிப் பார்க்கக் கொடுத்தேன். கதையைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள் என்று காத்திருந்தால், வந்ததெல்லாம் ஆர்என்ஜி (கேமுக்குள் உருளும் பகடை) பற்றிய திட்டு.

என் செட்டப் ரொம்ப எளிது. ஆபத்தான பகுதியில் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் 20இல் 1 வாய்ப்பு, விழுந்தால் சண்டை, அதுதான் என்கவுண்டர். சதுப்பு நிலத்தில் ஒரு பல்லி இருக்கிறது, அதைக் கொன்றால் 100இல் 1 வாய்ப்பில் நிலவுத் தகடு விழும், அது இருந்தால்தான் நல்ல கவசம் செய்ய முடியும். அவ்வளவுதான், உள்ளே வேறு எந்தத் தந்திரமும் இல்லை.

இப்போது புகார்களைக் கேளுங்கள். ஒருவர் 340 பல்லி கொன்றிருக்கிறார், தகடு விழவில்லை, "இந்தப் பொருள் உன் கேமில் இருக்கிறதா இல்லையா" என்று கேட்கிறார். இன்னொருவருக்கு இரண்டாவது பல்லியிலேயே விழுந்திருக்கிறது, அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, சேவ் ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னது, சண்டை முடிந்து ஒரே ஓர் அடி வைத்தால் மறுபடி சண்டை, அப்புறம் ஒரு முழுக் குகையைக் கடந்தால் ஈ காக்கை கிடையாது, வைத்தால் குடுமி சிரைத்தால் மொட்டை என்று. ஒருவர் மட்டும் இன்னும் ஒரு படி மேலே போய், "எனக்கு உயிர் குறைவாக இருக்கும்போது வேண்டுமென்றே ஆளை அனுப்புகிறாய்" என்று எழுதியிருக்கிறார். சத்தியமாக அப்படி ஒரு வரி கூட நான் எழுதவில்லை. என்கவுண்டர் கோடுக்கு ஹெச்பி (உயிர் அளவு) என்றால் என்னவென்றே தெரியாது.

லூட் ஃபங்ஷனை (எதிரியைக் கொன்றால் பொருள் விழுமா என்று குலுக்கும் கோடு) தனியாக எடுத்து 1 லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தேன், 1,014 தகடு விழுந்தது. என்கவுண்டரையும் அப்படியே ஓட்டினேன், 20இல் 1 பக்கத்தில்தான் நிற்கிறது. கணக்கு சரி. அப்படியானால் நான் எதைத் திருத்துவது? ஆடுகிறவர்களுக்கு நிகழ்தகவு புரியவில்லை என்று விட்டுவிடலாமா?

ஒற்றைக்கண் ஓநாய்

மான்ஸ்டர் ஹண்டர் ஆடுகிற ஜப்பான்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், "ஆசை உணரி". உனக்கு எது வேண்டும் என்று கேம் மோப்பம் பிடித்து அதை மட்டும் தராதாம். அந்த 340 ஆளைத் தகடு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கொல்லச் சொல்லுங்கள், விழும்.

பழைய கார்ட்ரிட்ஜ்

விட்டுவிடாதே தம்பி. கணக்கு சரியாக இருப்பது வேறு, கேம் சரியாக இருப்பது வேறு.

முதலில் தகடு. 100இல் 1 என்றதும் ஆடுகிறவன் மனசுக்குள் "நூறு கொன்றால் ஒன்று" என்று எழுதிக்கொள்கிறான். நீயும் அப்படித்தான் எழுதியிருப்பாய், இல்லாவிட்டால் அந்த 100 என்ற எண் உனக்கு எங்கிருந்து வந்தது? உண்மையில் நூறு பல்லி கொன்று முடித்தவர்களில் சுமார் 63 சதவீதம் பேர் கையில்தான் தகடு இருக்கும், மீதி 37 சதவீதம் வெறுங்கையோடு நிற்கும். பாதிப் பேருக்கு 69ஆவது பல்லிக்குள் கிடைத்துவிடும், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கிடைக்க 230 வரை போக வேண்டும், 99 பேருக்கு என்றால் 459. சண்டை ஒன்றுக்கு 40 நொடி என்று வைத்துப் பார், 459 சண்டை என்பது ஐந்து மணி நேரத்துக்கு மேல், ஒரே பல்லி, ஒரே பாட்டு.

உன் 340 ஆள் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை, முப்பது பேரில் ஒருவருக்கு அந்தக் கதி உண்டு. பதினொரு பேருமே தகடு விழும்வரை விடாமல் அடித்திருந்தால், அதில் ஒருவராவது 340ஐத் தாண்ட ஏறக்குறைய 31 சதவீத வாய்ப்பு. சோதனையிலேயே அவர் உன்னிடம் மாட்டியது உன் அதிர்ஷ்டம். நாளைக்கு 10,000 பேர் ஆடினால் 459ஐத் தாண்டியும் தகடு பார்க்காதவர்கள் மட்டும் நூறு பேர் இருப்பார்கள், விமர்சனம் எழுதப்போவது அந்த நூறு பேர்தான். இரண்டாவது பல்லியில் வாங்கியவன் அது தன் கைராசி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். நீ சராசரியைப் பார்த்து எண் வைத்திருக்கிறாய், ஆனால் சராசரியை யாரும் ஆடுவதில்லை, ஒவ்வொருவனும் ஒரே ஒரு தடவைதான் அந்தச் சதுப்புக்குள் போகிறான்.

இப்போது என்கவுண்டர். இது தகடை விட சுவாரசியமான விஷயம். அடிக்கு 20இல் 1 என்றால் சராசரியாக 20 அடிக்கு ஒரு சண்டை, சரி. ஆனால் இரண்டு சண்டைக்கு நடுவே எத்தனை அடி என்று ஒவ்வொரு தடவையும் எண்ணி எழுதிக்கொண்டே வா. எந்த எண் அதிகத் தடவை வரும் என்று நினைக்கிறாய்? 20 இல்லை, 15 இல்லை. 1. இரண்டாவது அடியில் சண்டை வர வேண்டுமென்றால் முதல் அடி சும்மா போயிருக்க வேண்டும், மூன்றாவதில் வர முதல் இரண்டும் சும்மா போயிருக்க வேண்டும், இப்படி ஒவ்வோர் அடிக்கும் வாய்ப்பு தேய்ந்துகொண்டே போகும், அதனால் வரிசையில் முதலில் நிற்கிற 1தான் எப்போதும் ஜெயிக்கும். மூன்று அடிக்குள் அடுத்த சண்டை வந்து நிற்க 14 சதவீதம், ஏழு சண்டைக்கு ஒரு தடவை. மறுபக்கம் 60 அடி நடந்தும் ஒன்றும் வராமல் போக 4.6 சதவீதம். உன் நாலு பேர் சொன்ன குடுமியும் மொட்டையும் கற்பனை இல்லை, உன் கணக்கு தருவதே அதைத்தான்.

பழைய கேம்கள் இதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டன. 1997 இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7இல் அடி வைக்க வைக்க உள்ளே ஓர் ஆபத்து எண் ஏறிக்கொண்டே போகும், சண்டை வந்ததும் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், அதனால் முடிந்த கையோடு அடுத்தது வருவது குறைவு. போக்கிமானில் ரிப்பெல் என்ற விரட்டி மருந்தை அடித்துக்கொண்டால் நம்மை விட லெவல் குறைந்ததெல்லாம் 100 அடிக்குக் கிட்ட வராது, குகைக்குள் அந்த 100 அடியை எண்ணிக்கொண்டு நடந்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. பிரேவ்லி டிஃபால்ட்டில் என்கவுண்டர் அளவையே ஆடுகிறவன் கையில் கொடுத்துவிட்டார்கள், முழுக்க நிறுத்தலாம், இரண்டு மடங்காக ஏற்றலாம். க்ரோனோ ட்ரிகர் 1995லேயே எதிரியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேப்பில் நிற்க வைத்துவிட்டது, அது வேறு வழி.

உனக்கு எளிதான வழி ஒன்று சொல்கிறேன். ஒவ்வோர் அடிக்கும் பகடை உருட்டாதே. ஒரு சண்டை முடிந்ததும் 12க்கும் 28க்கும் நடுவே ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து வைத்துக்கொள், அத்தனை அடி கழித்து அடுத்த சண்டை. சராசரி அதே 20. ஒட்டிக்கொண்டு வருவதும் இல்லை, குகை காலியாகவும் இருக்காது. பத்து வரிக் கோடு.

இரவுக்காவல்

என்கவுண்டர் விஷயத்தில் மேலே சொன்னது சரி. தகடு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, ஏனென்றால் அடுத்து யாராவது வந்து "நூறாவது பல்லியில் கட்டாயம் கொடுத்துவிடு" என்று சொல்லப்போகிறார்கள், அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

நூறு கொன்றால் தகடு உறுதி என்றால் அது லூட் இல்லை, சம்பளம். ஆடுகிறவன் முதல் பல்லியிலிருந்தே 1/100, 2/100 என்று எண்ண ஆரம்பித்துவிடுவான், நடுவில் விழுந்தால் போனஸ், விழாவிட்டால் வேலை. டயாப்லோ 2 வந்தது 2000இல், இன்னும் ஆட்கள் அதே பாஸை (பெரிய எதிரியை) திரும்பத் திரும்பக் கொல்கிறார்கள், காரணம் அடுத்த கொலையில் எது வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான். போக்கிமானில் ஷைனி (அரிதாக வரும் நிறம் மாறிய போக்கிமான்) முதலில் 8192க்கு 1, பிறகு 4096க்கு 1 ஆக்கினார்கள். யாரும் அதைத் தேடிப் போகவே தேவையில்லை, அது இல்லாமலே கேம் முழுக்க ஆடலாம், ஆனால் ஒருநாள் புல்லுக்குள் நடக்கும்போது நிறம் மாறி ஒன்று வந்து நிற்கும் பாருங்கள், அந்த நாள் மறக்காது. எனக்கு வந்தபோது அதைப் பிடிக்கும் பந்து தீர்ந்துபோயிருந்தது. பதினைந்து வருடமாக அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிடித்திருந்தால் இவ்வளவு பேரிடம் சொல்லியிருப்பேனா தெரியாது.

அதனால் நான் கேட்பது வேறு கேள்வி. தகடு எதற்கு? அது இருந்தால்தான் நல்ல கவசம் என்றால், அந்தக் கவசம் இல்லாமல் அடுத்த பாஸை அடிக்க முடியுமா? முடியாது என்றால் தப்பு 100இல் 1 என்பதில் இல்லை, கதவுச் சாவியைப் போய் குலுக்கலில் வைத்ததில் இருக்கிறது. சாவியைக் குலுக்கலில் வைக்காதீர்கள். பளபளப்பானது, வேடிக்கையானது, இருந்தால் பெருமை என்கிற மாதிரி எதுவானாலும் 1000இல் 1 கூட வையுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

இன்னொன்று, பொய் சொல்லாதீர்கள். ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) ஃபயர் எம்ப்ளம் கேம்களில் திரையில் 90 சதவீதம் என்று காட்டும், உள்ளே இரண்டு எண்ணை உருட்டி சராசரி எடுப்பதால் உண்மையில் 98 சதவீதம் பக்கம் படும். ஆடுகிறவனுக்கு அது இதமாக இருக்கிறது என்பது உண்மைதான், சிவிலைசேஷன் கேம் செய்த சிட் மையர் கூட 2010இல் டெவலப்பர்கள் மாநாட்டில் இதையே சொன்னார், 3க்கு 1 என்று பலம் காட்டினால் தோற்பதற்கு யாரும் தயாராக இல்லை, அதனால் கணக்கை வளைக்க வேண்டியிருந்தது என்று. எனக்கென்னவோ ஒப்பவில்லை. 90 என்று எழுதினால் 90 ஆக இருக்க வேண்டும், பத்தில் ஒன்று தவறத்தான் செய்யும், அது வலிக்கத்தான் வேண்டும்.

சேவ்ஃபைல் 3

சம்பளத்துக்கும் சூதாட்டத்துக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது, இரவுக்காவல்.

டோட்டா 2இல் (அதற்கு முன்பே வார்கிராஃப்ட் 3இல்) ஒரு முறை உண்டு. 25 சதவீத வாய்ப்பு என்று எழுதியிருக்கிற திறனுக்கு, எதிரியை அடிக்கும் முதல் அடியில் உண்மையான வாய்ப்பு 8.5 சதவீதம்தான். தவறினால் அடுத்த அடிக்கு 17, அதுவும் தவறினால் 25 சொச்சம், இப்படி ஏறிக்கொண்டே போய் 12ஆவது அடியில் கட்டாயம் விழும். விழுந்ததும் மறுபடி 8.5க்கு இறங்கும். மொத்தமாகக் கணக்குப் போட்டால் அதே 25 சதவீதம். அதனால் இது பொய்யும் இல்லை, அடுத்தடுத்து நாலு தடவை விழுவதும் அரிது, பத்துத் தடவை வறட்சியும் அரிது.

ஸ்லே தி ஸ்பயர் ஆடியிருந்தால் போஷன் (மருந்துக் குப்பி) விழுவதைக் கவனித்திருப்பீர்கள். சண்டைக்குப் பிறகு 40 சதவீதம், விழாவிட்டால் அடுத்த சண்டைக்கு 10 கூடும், விழுந்தால் 10 குறையும். ஒரே ஒரு எண், ஒரு கூட்டல், ஒரு கழித்தல். டெட்ரிஸில் ஏழு வடிவத்தையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ந்ததும் மறுபடி நிரப்புகிறார்கள், அதனால் இரண்டு நீளக் கட்டைக்கு நடுவே அதிகபட்சம் 12 மற்ற கட்டைதான் வரும். முன்பெல்லாம் அந்த உத்தரவாதம் கிடையாது.

இதை உங்கள் 100இல் 1க்கு அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் பல்லியில் 0.0156 சதவீதம், ஒவ்வொன்றுக்கும் அதே அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும், சராசரி 100 வரும். நூற்றில் 99 பேருக்குக் கிடைத்துவிடுவது 459க்குப் பதில் 241க்குள். 340ஐத் தாண்டுபவர் பத்தாயிரத்தில் ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா, ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, முதல் பல்லியில் விழும் வாய்ப்பு 6400இல் 1 ஆகிவிடுகிறது. இரண்டாவது பல்லியில் வாங்கினாரே உங்கள் ஆள், அந்த மாதிரி கதை இனி யாருக்கும் நடக்காது. இரவுக்காவல் பயப்படுவது இதற்குத்தான், அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் நான் இப்படிச் செய்வேன். 150 பல்லி வரைக்கும் சுத்தமான 100இல் 1, கை வைக்கவே வேண்டாம். அதைத் தாண்டியும் விழாதவர்கள் சுமார் 22 சதவீதம் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் 151ஆவதிலிருந்து ஒவ்வொரு பல்லிக்கும் ஒரு சதவீதம் கூட்டுங்கள், 2, 3, 4 என்று. 180க்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் விழுந்துவிடும், தாண்டுபவர் பத்தாயிரத்தில் எட்டுப் பேர் அளவுதான். சராசரி 80 பக்கம் இறங்கும், வேண்டுமென்றால் முதல் விகிதத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளலாம். ஜென்ஷின் இம்பாக்ட்டில் 0.6 சதவீதமும் 90இல் உத்தரவாதமும் என்று வைத்திருப்பது இதே வடிவம்தான். ஆனால் அங்கே ஒவ்வோர் இழுப்புக்கும் காசு, அதனால் அதே கருவி அங்கே வேறு வேலை செய்கிறது, அந்தப் பக்கம் நான் போகவில்லை, காசு வாங்கிக் குலுக்கும் கேம்கள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனா 2017லேயே விதி போட்டது என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

முக்கியமான ஒன்று. அந்த எண்ணிக்கையை சேவ் ஃபைலில் எழுதுங்கள். நான் ஒரு தடவை மெமரியில் மட்டும் வைத்திருந்தேன், தினமும் அரை மணி நேரம் மட்டும் ஆடி மூடிவிடுகிறவர்களுக்கு எண்ணிக்கை தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, பாவம், ஏற்றம் அவர்களை எட்டவே இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

மஞ்சள்பிக்சல்

எல்லோருக்கும் நன்றி. கார்ட்ரிட்ஜ் அண்ணா, அந்த "1தான் எப்போதும் ஜெயிக்கும்" என்பதை நம்ப முடியாமல் இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், அப்படியேதான் வருகிறது. இரண்டு வருடம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவை கூட இடைவெளியை எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை, சராசரியை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன்.

இரவுக்காவல் கேட்டதற்குப் பதில்: ஆமாம், அந்தக் கவசம் இல்லாமல் மூன்றாவது பாஸை அடிப்பது ஏறக்குறைய முடியாது. இப்படி யாரும் கேட்கும்வரை எனக்கே அது உறைக்கவில்லை. பாஸுக்கு வேண்டிய கவசத்தைக் கதையிலேயே கொடுத்துவிட்டு, தகடை அதன் மேல் பூசும் வெள்ளி நிறத்துக்கு மாற்றப்போகிறேன். ஏற்றத்தையும் சேர்த்தே போடுகிறேன்.

"உயிர் குறைந்தால் ஆளை அனுப்புகிறாய்" என்றவருக்கு மட்டும் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. உயிர் குறைவாக இருக்கும்போது வந்த சண்டைதான் ஞாபகத்தில் தங்கும், மற்றது மறந்துபோகும், அதுதானே?

பழைய கார்ட்ரிட்ஜ்

அதேதான். முழு உயிரோடு இருக்கும்போது வந்ததை யார் எண்ணுகிறார்கள்? பணிவாக எழுது, கோபப்படாதே.

பூஜ்யத்திலிருந்து

கொஞ்சம் பொறுங்கள், அதற்குள் பதில் எழுதிவிடாதீர்கள்.

முதல் தலைமுறை போக்கிமான், 1996இல் வந்தது, 100 சதவீதம் படும் என்று எழுதியிருக்கிற அடி சில சமயம் தவறும். ஆடியவர்கள் சொன்னால் யாரும் நம்பாத மாதிரியான புகார். ஆனால் அது நிஜம். 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எடுத்து, அது 255ஐ விடச் சிறியதா என்று பார்க்கிறது கோடு, சரியாக 255 வந்துவிட்டால் சிறியது இல்லை, அடி தவறிவிடும். 256இல் 1. ஒரே ஒரு "விடச் சிறியது" என்ற குறி. ஞாபகக் கோளாறு என்று சொல்லி விட்டிருந்தால் அது கடைசிவரை தெரிந்திருக்காது.

நீங்கள் 1 லட்சம் தடவை ஓட்டியது ஃபங்ஷனை. ஆடுகிறவர் ஆடுவது ஃபங்ஷனை இல்லை. அந்த ஃபங்ஷனை யார், எப்போது, எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தீர்களா? அது கூப்பிடப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதும்படி வைத்து, நேரம், மேப்பில் எந்தக் கட்டம், ஹெச்பி எவ்வளவு, என்ன எண் விழுந்தது என்று பதிந்து, அதே ஆளிடம் கொடுத்து ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். ஒரே கட்டத்துக்கு இரண்டு வரி இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஒற்றைக்கண் ஓநாய்

பதினொரு பேரில் ஒருவர் சொன்னதற்கா இவ்வளவு வேலை?

பூஜ்யத்திலிருந்து

ஒருவர் சொன்னதால்தான். நாலு பேர் சொன்னதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மஞ்சள்பிக்சல்

நாலு நாள் கழித்து வருகிறேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன்.

பதிவை வைத்து அவரிடம் கொடுத்தேன், ஒரு மணி நேரம் ஆடி அனுப்பினார். முதல் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை, ஒரு கட்டத்துக்கு ஒரு வரி, ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் ஓரிடத்தில் ஒரே கட்டத்துக்கு எட்டு வரி. கீழே போனால் மறுபடி எட்டு. மறுபடி எட்டு. எல்லாமே சண்டையிலிருந்து தப்பி ஓடிய உடனே.

தப்பி ஓடினால் ஆள் ஒரு கட்டம் பின்னால் சறுக்கி வந்து நிற்கிற மாதிரி ஒரு அனிமேஷன் போட்டிருந்தேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. அந்தச் சறுக்கல் எட்டு ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து எட்டுப் படம். ஆள் நகர்ந்தால் அடி வைத்ததாக எண்ணும் கோடு அந்த எட்டு ஃபிரேமையும் எட்டு அடியாக எண்ணி எட்டுத் தடவை பகடை உருட்டியிருக்கிறது. 0.95ஐ எட்டுத் தடவை பெருக்கினால் 0.66. அதாவது தப்பி ஓடிய மூன்றில் ஒரு தடவை, கீழே கால் படுவதற்குள் அடுத்த சண்டை. நடந்து போகும்போது இந்தச் சறுக்கல் கிடையாது, அதனால் சண்டை போட்டு ஜெயிக்கிறவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை.

தப்பி ஓடுவது யார்? உயிர் குறைந்தவர்கள்தான். மற்ற பத்துப் பேரின் பழைய சேவ்களைப் பார்த்தேன், எத்தனை தடவை ஓடினார்கள் என்பது அதில் இருக்கிறது, எல்லோரும் நின்று அடிக்கிற ஆட்கள், அதிகமாக ஓடியவரே ஆறு தடவைதான். இவர் 71.

பழைய கார்ட்ரிட்ஜ்

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்கவுண்டர் கோடுக்கு ஹெச்பி தெரியாதுதான், ஆனால் ஹெச்பி குறைந்தவன் எந்தப் பட்டனை அழுத்துவான் என்று கேமுக்குத் தெரிந்திருக்கிறது.

சேவ்ஃபைல் 3

12 முதல் 28 வரை முறைக்கு மாற்றினால் இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கேயும் ஒரு சறுக்கலுக்கு எட்டு அடி கழிந்துவிடும், வெளியே தெரியாமல். அடியை ஃபிரேமில் எண்ணாதீர்கள், கட்டம் மாறும்போது எண்ணுங்கள்.

மஞ்சள்பிக்சல்

மாற்றிவிட்டேன், கட்டம் மாறினால் மட்டும்தான் இப்போது எண்ணுகிறது. அவரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்படியானால் 340 பல்லி கொன்றவரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார், அவருடையதையும் பதிவு போட்டுப் பார்" என்று எழுதியிருக்கிறார். போட்டுப் பார்த்தேன். அவருக்கு ஒரு பிழையும் இல்லை, வெறும் ராசிதான். அவர் இப்போது 412இல் இருக்கிறார், புது வெர்ஷன் வேண்டாம், பழையதிலேயே விழவைத்துக் காட்டுகிறேன் என்கிறார்.